அடிவானத்தை ஒட்டி முழுச் சூரிய கிரகணம்: குமரி மாவட்டத்தார் கேட்கும் கேள்விகள்

2026 ஆகஸ்ட் 12 மாலை ஸ்பெயினின் வடக்கிலும் கிழக்கிலும் சூரியன் முழுதாக மறைகிறது. அப்போது அது தலைக்கு மேல் நிற்காது. அஸ்தமிக்கப் போகும் சூரியனாக மேற்கில் தாழ்ந்திருக்கும். தாழ்ந்த கிரகணம் பார்ப்பது தனி வேலை. வானம் முழுக்கத் தெளிந்திருந்தாலும் நிற்கும் இடம் தவறினால் ஒன்றும் தெரியாது. இங்கிருந்து போகிறவர்களும், கப்பலிலும் ஐரோப்பாவிலும் வேலை செய்யும் நம்ம ஊர்க்காரர்களும் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. ஒத்திகை முழுவதையும் நம்ம கடற்கரையிலேயே பார்த்துவிடலாம்.

அன்றைக்கு கன்னியாகுமரியில் தெரியுமா?

தெரியாது. ஸ்பெயினில் மாலை எட்டரை என்றால் நமக்கு ஆகஸ்ட் 13 பிறக்கும் நள்ளிரவு. சூரியன் நம் காலுக்கடியில் இருக்கும்.

"தாழ்வு" என்றால் எவ்வளவு தாழ்வு?

ஊருக்கு ஊர் மாறும். வடமேற்கு மூலையில் உள்ள அ கொருன்யாவில் சூரியன் அடிவானத்துக்கு மேல் சுமார் 12 டிகிரியில் இருக்கும், முழு மறைப்பு சுமார் 1 நிமிடம் 16 விநாடி. ஓவியேதோவில் 10 டிகிரியை ஒட்டி, சுமார் 1 நிமிடம் 48 விநாடி. கிழக்கே போகப்போக இன்னும் தாழும். வலென்சியாவில் 4, 5 டிகிரிதான். மயோர்க்கா தீவின் பல்மாவில் வெறும் இரண்டரை டிகிரி, ஆனால் அங்கேயும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் மறைப்பு உண்டு.

கையை முழுதாக நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. நடு மூன்று விரல்களைச் சேர்த்தால் 5 டிகிரி. சுண்டுவிரல் 1 டிகிரி. சூரியன் அரை டிகிரி, அதாவது சுண்டுவிரலில் பாதி. பல்மாவில் அடிவானத்துக்கும் கிரகணத்துக்கும் இடையே இரண்டு மூன்று சுண்டுவிரல் இடமே இருக்கும். ஒரு தென்னந்தோப்பு மறைக்க அது போதும்.

கடற்கரை ஊர்தானே, அடிவானம் தானாகத் தெரியாதா?

பலரும் ஏமாறுவது இங்கேதான். கடல் தெரிவது வேறு, சூரியன் இருக்கும் பக்கம் கடல் இருப்பது வேறு.

வட்டக்கோட்டையில் நின்று பாருங்கள். எதிரே பரந்த கடல். ஆனால் அது கிழக்கு. மாலைச் சூரியன் முதுகுக்குப் பின்னால், மருந்துவாழ்மலைப் பக்கம் போய் இறங்கும். உண்மையான அஸ்தமன நேரத்துக்கு முன்பே அந்தப் பக்கத்து மேடும் மலையும் அதை விழுங்கிவிடும். ஸ்பெயினின் மத்தியதரைக் கடற்கரை முழுக்க வட்டக்கோட்டை மாதிரிதான். வலென்சியா, காஸ்தெயோன், பெனீஸ்கொலா எல்லாம் கிழக்கு பார்த்த ஊர்கள். அங்கே கடலைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கிரகணம் பிடரிக்குப் பின்னால், நாட்டு உட்புறத்து மலைகளுக்கு மேல் நடக்கும். மலை எவ்வளவு மறைக்கும் என்று கணக்குப் போடுங்கள்: 2 கிலோமீட்டர் தூரத்தில் 100 மீட்டர் உயரக் குன்று இருந்தால் கிட்டத்தட்ட 3 டிகிரி போய்விடும். அதே குன்று 6 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் 1 டிகிரிதான்.

மயோர்க்காவிலும் இதே கதைதான். பல்மா நகரம் தெற்கு பார்த்த வளைகுடாவில் இருக்கிறது. மேற்குக் கரையோரமாகத் திராமுந்தானா மலைத்தொடர் ஓடுகிறது. அந்த மலைக்கு மேற்கே, கடலைப் பார்த்த சரிவில் நிற்பவருக்கே தண்ணீர் மேல் கிரகணம். வடக்குக் கரை ஊர்களிலும் கடல் வடக்கே இருக்கிறது, சூரியன் மேற்கே. மேற்குப் பக்கம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனை இருக்கிறதா என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரியாக எந்தத் திசை?

அ கொருன்யாவில் நேர்மேற்கிலிருந்து வடக்கே சுமார் 10 டிகிரி தள்ளி, மயோர்க்காவில் சுமார் 17 டிகிரி தள்ளி. வடக்கைப் பூஜ்யமாக வைத்து வலமாக எண்ணும் திசைமானியில் இவை 280, 287.

செல்பேசித் திசைமானியை மட்டும் நம்பாதீர்கள். காருக்குப் பக்கத்தில், கம்பி கட்டிய கான்கிரீட் தடுப்புச் சுவருக்கு மேல், காந்த மூடி வைத்த உறையோடு பிடித்தால் 10 டிகிரி வரைக்கும் சாதாரணமாகப் பிசகும். நம்ம கடற்காரர்கள் கணியம் பார்ப்பதுபோலச் செய்வதே மேல். கடலில் பாரு (கடலடிப் பாறை) இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, கரையில் கோயில் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் உள்ள மலையையும் ஒரே நேர்க்கோட்டில் கொண்டுவந்து குறி வைப்பார்கள் அல்லவா, அதே முறைதான். ஒன்றிரண்டு நாள் முன்பே அந்த இடத்துக்குப் போய், கிரகணம் நடக்கவிருக்கும் அதே மணி, அதே நிமிடத்தில் சூரியன் எதன் மேல் நிற்கிறது என்று பாருங்கள். பக்கத்தில் ஒரு பாறை, தூரத்தில் ஒரு முனை என்று இரண்டு குறி எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டு நடுவில் சூரியன் நாளுக்கு அரை டிகிரிகூட நகர்வதில்லை என்பதால் குறி தப்பாது. ஒரு வாரம் முன்பே பார்த்துவிட்டு வந்தால் மட்டும் 2 டிகிரி ஏமாற்றும்.

ஒத்திகைக்குக் கன்னியாகுமரி முனைக்கே போகலாமா?

ஆகஸ்டு என்றால் வேண்டாம். முனையிலிருந்து சூரியன் கடலில் இறங்குவது அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடுவரைதான் நன்றாகத் தெரியும். ஆகஸ்டு நடுவில் சூரியன் நேர்மேற்கிலிருந்து வடக்கே சுமார் 15 டிகிரி தள்ளி மறைகிறது. நம்ம மேற்குக் கரையோ வடமேற்காக ஓடுகிறது. அதனால் முனையில் நிற்பவருக்கு அந்தத் திசையில் நிலம் வந்துவிடும்.

முட்டத்துக்குப் போங்கள். கலங்கரை விளக்கப் பக்கத்துப் பாறைகளிலிருந்து அந்தத் திசை திறந்த கடல். அங்கே ஆகஸ்டில் சூரியன் மறைவதற்குச் சுமார் 55 நிமிடம் முன்பு அது 12 டிகிரியில் நிற்கும்: இதுதான் அ கொருன்யா. சுமார் கால் மணி முன்பு இரண்டரை டிகிரி: இதுதான் பல்மா. இரண்டு நேரத்திலும் கிரகணக் கண்ணாடி போட்டுப் பாருங்கள், படம் எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே புரியும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். நம்ம ஊரில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக விழும், 1 டிகிரி இறங்க நாலு நிமிடத்துக்குச் சற்று மேல். ஸ்பெயினில் வலப்பக்கமாகச் சாய்ந்து இறங்கும், 1 டிகிரிக்கு ஐந்தரை நிமிடம் ஆகும். அதனால் அங்கே வலது பக்கத்துத் தடைகளைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மறைப்புக்கு முந்தைய ஒரு மணி நேரப் பகுதி கிரகணத்தில் சூரியன் இடப்பக்கம் மேலேயிருந்து சரிந்து வரும்.

கடல் மேல் வானம் சுத்தமாகத்தான் இருக்கிறது. பிறகேன் மேகத்தைப் பற்றி இவ்வளவு பயம்?

தலைக்கு மேல் பாதி வானம் திறந்திருந்தாலும் அடிவானத்தில் திறப்பு இருக்காது. சிதறிக் கிடக்கும் மேகத்துண்டுகளைப் பக்கவாட்டில் பார்க்கும்போது ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி ஒரே கரையாகத் தெரியும். மணிமுத்து மாலையை நேரே பார்த்தால் இடைவெளி தெரியும், நுனியிலிருந்து பார்த்தால் ஒரே மணிதான்; அதுபோல.

அதோடு காற்றின் தடிப்பு. சூரியன் உச்சியில் இருக்கும்போது ஒளி ஒரு பங்கு காற்றைத் துளைக்கிறது என்று கொண்டால், 10 டிகிரியில் ஐந்தரைப் பங்கு, 5 டிகிரியில் 10 பங்கு, 2 டிகிரியில் 20 பங்கு. கடல் தெறிக்கும் உப்புத்துளி, புழுதி, புகை எல்லாம் அந்த அளவுக்குப் பெருகும். முழு மறைப்பில் சூரியனைச் சுற்றித் தெரியும் கொரோனா என்ற வெண்மையான ஒளிச்சிறகு மங்கிச் செம்மஞ்சளாகும். வெளிப்புற இழைகள் தெரியாமலே போகலாம்.

ஸ்பெயினின் வடக்குக் கரையில் கோடையிலும் மேகம் அதிகம். உள்நாட்டுச் சமவெளியிலும் மத்தியதரைப் பக்கமும் வானம் தெளிய வாய்ப்புக் கூடுதல், ஆனால் சூரியன் அங்கே இன்னும் தாழ்வு. இரண்டையும் எடைபோட்டால், புர்கோஸ் போன்ற உள்நாட்டு மேட்டுநிலத்தில் மேற்கே தடையில்லாத வயல்வெளியைத் தேடுவது நல்ல முடிவு. கடல்மேல் பார்த்தே ஆக வேண்டும் என்ற ஆசை இருந்தால் அந்த ஆபத்தைத் தெரிந்து ஏற்றுக்கொள்ளுங்கள். 2009 ஜூலை 22 காலை சூரத்தில் அடிவானத்தை ஒட்டி முழுக்கிரகணம் வந்தபோது, மழைக்கால மேகம் அதை மூடியே விட்டது. அன்றே வாராணசியில் தெரிந்தது. கையில் வண்டி, இரண்டாவது இடம், அதற்கான பாதை மூன்றும் இருக்கட்டும். முந்தின நாள் இரவிலேயே முடிவெடுத்துவிடுங்கள். அன்று மாலை சாலைகள் நகராது.

பாறை மேலா, மணலிலா?

உயரம் நல்லது. மணலில் நிற்பவரின் கண்ணுக்கு அடிவானம் 5 கிலோமீட்டரில் முடிந்துவிடும். 30 மீட்டர் பாறையில் அது 19 கிலோமீட்டருக்கு மேல். அலைத் தெறிப்பும் குறையும், முன்னால் நிற்பவர் தலையும் மறைக்காது.

மணலில்தான் நிற்பது என்றால் கடலேற்றத்தைப் பாருங்கள். சூரிய கிரகணம் அமாவாசையில் மட்டுமே வரும், அமாவாசையில் ஏற்றம் பெரிது என்பது கடற்கரைக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம்ம கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள் அடங்கும். ஸ்பெயினின் வடக்குக் கரையில் அது மூன்று, நான்கு மீட்டர். சில மணி நேரத்திலேயே மணலின் அகலம் வெகுவாக மாறிவிடும். அந்த ஊர்க் கடலேற்ற அட்டவணையைப் பாருங்கள். மத்தியதரைக் கடலில் இந்தக் கவலை இல்லை.

தெருவிளக்கு, ஹைமாஸ் விளக்கு இருக்கும் இடத்தைத் தவிருங்கள். இருட்டை உணர்ந்து தானாக எரியும் விளக்குகள் சரியாக மறைப்பு நேரத்தில் எரியத் தொடங்கும்.

சாயங்காலச் சிவந்த சூரியன்தானே, வெறும் கண்ணால் பார்த்தால் என்ன?

பார்க்கக் கூடாது. ஒளி குறைந்திருப்பதால் கண் கூசாது, அதனால் நெடுநேரம் வெறித்துப் பார்க்கத் தோன்றும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் அந்த அளவுக்குக் குறைந்திருக்காது. விழித்திரைக்கு வலி உணரும் நரம்பு இல்லை. சேதம் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும்.

தாழ்ந்த கிரகணத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. சூரியன் 2, 3 டிகிரியில் இருக்கும்போது கண்ணாடிக்குள் அது மங்கலான சிவப்புக் கீற்றாகத் தெரியும், சில சமயம் தெரியவே தெரியாது. "கண்ணாடி சரியில்லை" என்று கழற்றிவிடுவார்கள். கண்ணாடியில் தெரியவில்லை என்றால் காத்திருங்கள், பிறை முழுதாக அணையும்வரை.

எந்தக் கண்ணாடி? நல்லதா என்று எப்படிச் சோதிப்பது?

கிரகணக் கண்ணாடிக்கான தரக்குறியீடான ஐஎஸ்ஓ 12312-2 என்று அச்சிட்டிருக்க வேண்டும். அச்சு மட்டும் போதாது. வீட்டுக்குள் போட்டுப் பாருங்கள்: சுவர், ஆள், ஜன்னல் எதுவும் தெரியக் கூடாது, செல்பேசி டார்ச்சை மிக அருகில் வைத்தால் மங்கலாக ஒரு புள்ளி தெரிந்தால் சரி. பிறகு டார்ச்சை எதிரே பிடித்து, படலத்தில் ஊசித்துளியாகவேனும் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால், மடிப்பு விழுந்திருந்தால், வெட்டிப் போட்டுவிடுங்கள். வெல்டிங் கண்ணாடி என்றால் 14ஆம் எண். பட்டறையில் சாதாரணமாகக் கிடைக்கும் 10, 11 போதாது.

எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி, கூலிங் கிளாஸ், சாணி கரைத்த தண்ணீரில் பிம்பம் எதுவும் வேண்டாம்.

எப்போது கழற்றலாம்?

கண்ணாடி வழியே கடைசி ஒளிப்புள்ளி அணைந்ததும். அதன் பிறகு மறைப்பு முடியும்வரை வெறும் கண்தான். கண்ணாடி போட்டிருந்தால் ஒன்றுமே தெரியாது. குடும்பமாகப் போனால் ஒருவருக்கு மட்டும் இந்த வேலையைக் கொடுங்கள்: "கழட்டு", "போடு" என்று இரண்டே வார்த்தை உரக்கச் சொல்ல வேண்டும். அந்த இடத்துக்கான மறைப்பு நேரத்தில் 10 விநாடி குறைத்துச் செல்பேசியில் அதிர்வு வைத்துக்கொள்ளட்டும். சந்திரனின் விளிம்பில் வெளிச்சம் மறுபடி முத்தாகத் தெறித்த உடனே "போடு". தொலைநோக்கி வைத்திருப்பவர் அதற்கு முன்பே கண்ணை எடுத்துவிட வேண்டும். தொலைநோக்கிக்கு வடிகட்டி முன்பக்கக் கண்ணாடியில்தான் மாட்ட வேண்டும். கிரகணக் கண்ணாடியைக் கண்ணில் போட்டுக்கொண்டு தொலைநோக்கிக்குள் பார்த்தால் குவிந்த வெப்பம் படலத்தைப் பொசுக்கிக் கண்ணுக்குள் இறங்கும்.

மாட்ரிட்டில் 99 சதவீதம் மறைகிறதே, அது போதாதா?

போதாது. மாட்ரிட், பார்சிலோனா இரண்டின் நகர மையமும் முழு மறைப்புப் பாதைக்கு வெளியே, மயிரிழையில். மிச்சமிருக்கும் ஒரு சதவீதமே கொரோனாவை அடித்துவிடும். கண்ணாடியையும் கழற்ற முடியாது. பாதையின் விளிம்பில்கூட நிற்காதீர்கள். பில்பாவோ விளிம்பை ஒட்டியது. அங்கே அரை நிமிடம்தான்.

தாழ்வாக இருப்பதில் நன்மையே இல்லையா?

நிறைய உண்டு. உச்சிக் கிரகணத்தில் கிடைக்காத காட்சி இது. நிலவின் நிழல் சூரியன் இருக்கும் பக்கத்திலிருந்தே வரும். கடலின் விளிம்பில் மேற்கு வானம் கருநீலமாகத் தடித்து, மழை ஏறிவருவதுபோல எழும்பி நம்மை நோக்கி வரும். வேகம் மட்டும் மழையினுடையது இல்லை: அ கொருன்யாவிலிருந்து மயோர்க்கா வரை ஸ்பெயினை அந்த நிழல் நாலைந்து நிமிடத்தில் கடந்துவிடும். மறைப்பின்போது கறுப்பு வட்டமும் அதைச் சுற்றிய ஒளியும் அடிவானத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், உதிக்கும் முழுநிலவைப்போலக் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றும். சுற்றிலும் எல்லாத் திசையிலும் ஆரஞ்சு விளிம்பு. இடப்பக்கம் தள்ளி வெள்ளிக் கோள் பளிச்சென்று தெரியும். பல்மா பக்கத்தில் சூரியன் மீண்டும் பிறையாகி, பிறையாகவே கடலில் இறங்கும்.

படம் எடுக்க?

முதல் தடவை என்றால் செல்பேசியை அகலக் கோணத்தில் ஸ்டாண்டில் வைத்து, ஐந்து நிமிடம் முன்பே வீடியோவை ஓடவிட்டு மறந்துவிடுங்கள். நிழல் வருவதும் கூட்டத்தின் சத்தமும் பதிவாகும்.

கேமரா என்றால் 100 முதல் 200 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். தாழ்ந்த கிரகணத்தின் அழகு முன்னால் உள்ள பாறையோடும் படகோடும் சேர்ந்துதான் வரும். லென்ஸ் நீளத்தை 109ஆல் வகுத்தால் சென்சாரில் சூரியன் விழும் அளவு கிடைக்கும்: 200 மில்லிமீட்டருக்கு 2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மறைப்பின்போது வடிகட்டியைக் கழற்றி, ஐஎஸ்ஓ 400, எஃப் 8 வைத்து, 1/500 விநாடியிலிருந்து 1 விநாடிவரை வரிசையாக எடுங்கள். 5 டிகிரியில் சூரியன் என்றால் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு), 2 டிகிரியில் மூன்று நான்கு ஸ்டாப் கூட்டுங்கள்.

ட்ரைபாட் கால் மணலில் மெல்ல இறங்கும், படம் சாயும். மூன்று காலுக்கும் கீழே சிரட்டையைக் கவிழ்த்தோ பலகைத் துண்டோ வையுங்கள், நடுவில் மணல் பையைத் தொங்கவிடுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் லென்ஸைத் துடையுங்கள். கரையில் அரை மணி நின்றாலே உப்புப் படலம் பிடித்துவிடும். அது இருந்தால் கொரோனாவைச் சுற்றிப் பனிமூட்டம்போல வரும். ஃபோகஸை முன்பே பிடித்து டேப் ஒட்டிவிடுங்கள்.

கப்பலிலிருந்து பார்க்கலாமா?

அடிவானத்துக்குக் கப்பலை விடச் சிறந்த இடம் இல்லை. ஆட்டம்தான் எதிரி. ட்ரைபாடால் பயனில்லை. 7x50 தொலைநோக்கியைக் கையில் பிடித்துப் பார்ப்பது நன்று. படத்துக்கு 1/60 விநாடியை விட மெதுவாகப் போகாதீர்கள், ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள். புகைபோக்கியின் காற்று போகும் பக்கம் நிற்காதீர்கள்; வெப்பம் பிம்பத்தை நெளியவைக்கும்.

கண்ணாடி கிடைக்காத குழந்தைகளுக்கு?

இட்லித் தட்டு. பகுதி கிரகணத்தின்போது தட்டைச் சூரியனுக்கு நேரே பிடித்து, இரண்டு மீட்டர் தள்ளி நிழலைப் பாருங்கள். ஒவ்வொரு துளையும் ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பிறையைப் போடும். பனையோலைப் பெட்டியின் பின்னல் இடுக்கும் போடும். தாழ்ந்த சூரியனில் நிழல் தரையில் விழாது, பக்கவாட்டில் போகும்; மேற்குப் பார்த்த வெள்ளைச் சுவரோ விரித்துப் பிடித்த வேட்டியோ வேண்டும். 5 டிகிரிக்குக் கீழே பிறைகள் மங்கி மறைந்துவிடும், அதற்குமுன் காட்டிவிடுங்கள்.

கர்ப்பிணிகள் வெளியே வரலாமா? சாப்பிடலாமா?

வரலாம், சாப்பிடலாம். கண்ணுக்கான பாதுகாப்பு அவர்களுக்கும் மற்றவர்களைப் போலத்தான்.

முடிந்ததும் கிளம்பிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவதால் பாதை அடைத்துக்கொள்ளும். அன்றிரவு பெர்சீட் எரிகல் பொழிவின் உச்சம், அமாவாசை இருட்டு வேறு. பாய் விரித்துப் படுத்து வடகிழக்கைப் பாருங்கள்.

ஸ்பெயின் போக வழியில்லை. அடுத்து?

2027 ஆகஸ்ட் 2 முழுக்கிரகணம் ஜித்தா, மக்கா வழியே போகிறது. ஜித்தாவில் ஆறு நிமிடத்தை ஒட்டி மறைப்பு, சூரியனும் உயரத்தில். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்ம ஆட்களுக்கு இது கைக்கெட்டிய வாய்ப்பு. அதே நாள் மாலை குமரி மாவட்டத்தில் பகுதி கிரகணம், சூரியன் மேற்கே சரிந்துகொண்டிருக்கும்போது. தென்மேற்குப் பருவமழை நேரம் என்பதால் கச்சான் காற்று மேகத்தைக் கொண்டுவந்து கொட்டும். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மூன்றில் எங்கே திறப்பு இருக்கிறது என்று அன்று மதியமே பார்த்துப் போங்கள். 2031 மே 21 வளையக் கிரகணம் (நடுப்பகுதி மட்டும் மறைந்து, சூரியன் வளையமாகத் தெரிவது) கேரளத்தையும் தென்தமிழகத்தையும் கடக்கிறது. வளையக் கிரகணத்தில் ஒரு நொடிகூடக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. வாங்கிய கண்ணாடிகளை மடிக்காமல் ஒரு புத்தகத்துக்குள் தட்டையாக வைத்திருங்கள், ஒவ்வொரு முறையும் டார்ச் சோதனை செய்த பிறகே பிள்ளைகள் கையில் கொடுங்கள்.